நெட்டூரணிக்காரங்க மெக்சிகோவுக்குப் பொண்ணு பார்க்கப் போன கதை

சிவகங்கைப் பக்கம் நெட்டூரணின்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரங்க கெட்டவங்க இல்லை. சோம்பேறிங்களும் இல்லை. என்ன சொல்றோமோ அதை அப்படியே செய்வாங்க, அவ்வளவுதான் வியாதி. பஸ்ல ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’னு எழுதியிருக்கறதைப் படிச்சிட்டு, ரெண்டு காலையும் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கிட்டு மதுரை வரைக்கும் போனவங்க. கண்டக்டர் திட்டினப்ப, “காலைப் பத்தி ஒண்ணும் எழுதலையே”ன்னு கேட்டாங்க. கண்டக்டர் அந்த எழுத்தை இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தார்.

இந்த ஊர்ல தப்பிப் பிறந்த ஒருத்தன் பூபாலன். கம்ப்யூட்டர் வேலை கிடைச்சு மெக்சிகோவுக்குப் போனான். அந்த நாட்டுக்கு மேற்குப் பக்கம் குவாதலஹாரான்னு ஒரு பெரிய நகரம், அங்க. போனவன் வேலையை மட்டும் பார்க்காம மரிசெலான்னு ஒரு பொண்ணையும் பார்த்தான். காதல்.

மரிசெலாவுக்கு ஊர் சான் லிபோரியோ. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீலக் கத்தாழைக் காடு, பின்னாடி அணைஞ்சு போன எரிமலை, அதோட அடிவாரத்துல இந்த ஊர். ஊரை ஒட்டி வட்ட வட்டமா மேடுங்க இருக்கு. ஸ்பெயின்காரன் கப்பல் ஏறி வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முன்னாடி, அந்த மண்ணு சனங்க கட்டினது. பெரிய இட்லி மேல சின்ன இட்லி, அதுக்கு மேல இன்னும் சின்ன இட்லின்னு அடுக்கினா எப்படி இருக்கும், அப்படி. மரிசெலாவுக்கு அங்கதான் வேலை. வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய் விளக்கம் சொல்றது.

அவ அப்பா டான் குக்கோ. அங்க பெரியவங்க பேருக்கு முன்னாடி மரியாதைக்கு டான்னு போடுவாங்க. நம்ம சினிமா டான் இல்லை, பயப்படாதீங்க. அந்த மேடுங்க அவரோட கத்தாழைக் காட்டை ஒட்டியே இருக்கு. டிராக்டர் விட்டு உழ வந்தவன், பானை தோண்டித் திருட வந்தவன், சும்மா மேல ஏறிக் குதிக்க வந்தவன் எல்லாரையும் விரட்டி விரட்டியே மீசை நரைச்ச மனுஷன். கல்யாணத்துக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“பையன் வீட்டுப் பெரியவங்க வரட்டும். மேட்டுல எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்க்கறேன். அந்த இடத்துக்கு மரியாதை குடுக்கத் தெரியாத வீட்டுக்கு என் பொண்ணு கிடையாது.”

நியாயமான நிபந்தனைதான். வேற ஊர்ல பிறந்தவனா இருந்தா சிரிச்சிட்டு சரின்னு சொல்லியிருப்பான். பூபாலன் அழுதான்.

நெட்டூரணியிலேர்ந்து வந்தது நாலு பேர். பூபாலனோட அப்பா அடைக்கலம், அம்மா சிட்டாள், சிட்டாளுக்கு அண்ணன் வைரவன், அடைக்கலத்துக்குத் தம்பி வெள்ளையப்பன். இதுல வைரவன்தான் யோசிக்கிறவர். கண்ணை இடுக்கி மூக்கு நுனியைத் தடவ ஆரம்பிச்சார்னா யோசிக்கிறார்னு அர்த்தம். அவர் யோசிச்சப்ப எல்லாம் யாருக்காவது நஷ்டம் ஆயிருக்கு.

ஏர்போர்ட்ல இறங்கினதுமே பூபாலன் கையெடுத்துக் கும்பிட்டான். “அப்பா, மாமா, சித்தப்பா, எல்லாரும் கேளுங்க. அம்மா, நீயும்தான். நீங்களா எதையும் யோசிக்காதீங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு.”

“இதெல்லாம் ஒரு விஷயமாடா?”ன்னார் அடைக்கலம். “நாங்க என்னிக்கு யோசிச்சிருக்கோம்?”

வைரவன் முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கிப் போச்சு.

டான் குக்கோ வாசல்லயே காத்துக்கிட்டு இருந்தார். தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு ஸ்பானிஷ்ல ஏதோ சொன்னார். அந்த ஊர்ல வீட்டுக்கு வந்தவங்களைப் பார்த்து ‘இது உங்க வீடு’ன்னு சொல்றது வழக்கம். நாம ‘வாங்க, வாங்க’ன்னு சொல்ற மாதிரி ஒரு மரியாதை, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. மரிசெலா பூபாலனுக்காகத் தமிழ் கத்துக்கிட்டவ. கண்ணாடி டம்ளரை ஒவ்வொண்ணா இறக்கி வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா பேசுவா. அவ அப்பா சொன்னதை அப்படியே தமிழ்ல சொன்னா.

“அப்பா சொல்றார், இது உங்க வீடு.”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

“பேச்சே இன்னும் ஆரம்பிக்கலை. அதுக்குள்ள வீட்டைக் குடுத்துட்டாரேண்ணே”ன்னார் வெள்ளையப்பன்.

“வேணாம்னு சொல்லிடுவோமாங்க?”ன்னா சிட்டாள். “இவ்வளவு பெரிய வீட்டை யாரு கூட்டிப் பெருக்கறது?”

வைரவன் மூக்கு நுனியைத் தடவினார். “பையன் என்ன சொன்னான்? அவங்க சொல்றதுல குறைக்கக் கூடாதுன்னான். வீடு நம்மளுதுன்னு சொல்லியாச்சு. நம்மளுதுதான்.”

“அப்ப வாசல்ல நிக்கிற இவரு?”ன்னார் வெள்ளையப்பன்.

“நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தர் நின்னா அவரு யாரு மாப்ளே? விருந்தாளி.”

“ஐயையோ, இவ்வளவு நேரமா வெயில்ல நிக்க வச்சுட்டமே!” அடைக்கலம் பதறிப் போய் டான் குக்கோ கையைப் பிடிச்சார். “ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. கூச்சப்படாதீங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க.”

டான் குக்கோ தன் வீட்டுக்குள்ள தயங்கித் தயங்கி நுழைஞ்சார்.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். சிட்டாள் அடுப்படியைக் கைப்பத்தினா. அன்னிக்கு விசேஷத்துக்காக மரிசெலா ஆக்கி வச்சிருந்த ஆட்டுக்கறிக் குழம்பை மோந்து பார்த்துட்டு, “யாரு வச்சது இதை, புளியே இல்லாம?”ன்னு ஒரு கை புளியைக் கரைச்சு ஊத்தினா. மரிசெலா ஓடி வந்தப்ப, “நீ உக்காரும்மா, விருந்தாளி வீட்டுப் பொண்ணு வேலை செய்யக் கூடாது”ன்னு மணையைப் போட்டா.

வைரவன் திசை பார்த்தார். வாசல் தெக்குப் பார்த்து இருந்துச்சு. நம்ம குடும்பத்துக்குத் தெக்கு வாசல் ஆகாதுன்னு, ஒரு பெரிய மரப்பெட்டியை இழுத்து வாசலை அடைச்சார். அதுலேர்ந்து எல்லாரும் கோழிக்கூண்டு வழியாத்தான் போய் வந்தாங்க.

வெள்ளையப்பன் சுவத்துல ஒரு பெரிய மீசைக்காரர் படத்தைப் பார்த்தார். “போன குடித்தனக்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க போல”ன்னு கழட்டித் துடைச்சு, டான் குக்கோ கையில குடுத்தார். “நல்ல பிரேமுங்க. உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க.”

அது டான் குக்கோவோட தாத்தா.

டான் குக்கோவுக்கு மீசை துடிச்சுது. ஆனா மரியாதை தெரிஞ்ச மனுஷன். தன் வாயால சொன்னதைத் தானே எப்படி மறுக்கறதுன்னு படத்தை வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டார். சாயங்காலம் ஆச்சு, விருந்தாளி கிளம்பற வழியா இல்லை. கேக்கறதும் மரியாதை இல்லை. நாலு பேரும் கூடிப் பேசி, கழுதை கட்டற கொட்டகையில அவருக்கு ஒரு கட்டிலைப் போட்டுக் குடுத்தாங்க. நல்ல போர்வையும் குடுத்தாங்க. அவரோட போர்வைதான்.

“நாளைக்கு மேட்டுல பார்த்துக்கலாம்”னு மட்டும் டான் குக்கோ சொன்னார். 

மறுநாள் காலையில பூபாலன் மரிசெலாகிட்ட கெஞ்சினான். “உங்கப்பாவுக்கு இப்பவே பாதி மனசு விட்டுப் போச்சு. இன்னிக்கு இவங்க ஏதாவது ஏடாகூடம் பண்ணினா அவ்வளவுதான், நம்ம கல்யாணம் முடிஞ்சுது. ஒண்ணு விடாம எல்லா விதியையும் நீயே வாயால சொல்லிடு.”

பாவம் பையன். அதைச் செய்யாம இருந்திருக்கணும்.

மேட்டுக்குப் பக்கத்துல ஒரு முள்ளு மரம். நம்ம சீமைக்கருவேலத்துக்கு அது சொந்தக்கார மரம், வெள்ளையப்பன் பார்த்ததுமே வெட்டறதுக்கு அரிவாள் தேடினார். அந்த மரத்தடியில டான் குக்கோ நாற்காலி போட்டு உக்கார்ந்தார். பேச்சு காதுல விழாத தூரம். தொப்பியைக் கண்ணு வரைக்கும் இறக்கிட்டு, அங்கேயிருந்தே பார்த்துக்கிட்டு இருந்தார்.

மரிசெலா நாலு பேரையும் நிறுத்தி ஆரம்பிச்சா. “இங்க இருக்கறது எல்லாமே ரொம்பப் பழசு. ஒவ்வொரு கல்லும் முக்கியம். எதையும் தொடாதீங்க. கையாலயும் கூடாது, காலாலயும் கூடாது.”

சொல்லிட்டு அவ முன்னாடி நடந்தா. நாலு பேரும் நகரலை.

“காலாலயும் தொடக் கூடாதாம்”னார் அடைக்கலம். “அப்ப எப்படி நடக்கறது?”

“என்னை நீங்க தூக்கிக்கிட்டா நான் தொட மாட்டேண்ணே”ன்னார் வெள்ளையப்பன்.

“நான் தொடுவேனேடா.”

“உங்களை வைரவன் மச்சான் தூக்கட்டும்.”

“அப்ப நான்?”ன்னு கேட்டார் வைரவன். கேட்டுட்டு மூக்கைத் தடவினார். “நாம தொடக் கூடாதுன்னுதான் சொன்னா. நம்ம துணி தொடலாம்.”

பொண்ணு வீட்டுக்குத் தட்டுல வச்சுக் குடுக்கறதுக்காக ஒரு பட்டு வேட்டி, ஒரு பட்டு அங்கவஸ்திரம் கொண்டு வந்திருந்தாங்க. வேட்டியை விரிச்சு நாலு பேரும் அதுமேல ஏறி நின்னாங்க. அங்கவஸ்திரத்தை முன்னாடி விரிச்சாங்க. அதுல ஏறிக்கிட்டு வேட்டியைச் சுருட்டி எடுத்து மறுபடியும் முன்னாடி விரிச்சாங்க. இப்படியே மேடு வரைக்கும் போனாங்க.

தூரத்துலேர்ந்து டான் குக்கோ தொப்பியைக் கொஞ்சம் மேல தூக்கினார். இத்தனை வருஷத்துல செருப்போட வந்தவனைப் பார்த்திருக்கார், பூட்ஸோட வந்தவனைப் பார்த்திருக்கார், பைக்கோட வந்தவனையும் பார்த்திருக்கார். மண்ணு மேல கால் படக் கூடாதுன்னு பட்டு விரிச்சு நடந்தவனை இப்பத்தான் பார்க்கறார்.

முதல் மேட்டுக்கு முன்னாடி மரிசெலா நின்னா. “அந்தக் காலத்துல இந்த மேட்டைச் சுத்தி சனங்க கைகோத்து ஆடுவாங்க. மேல நடுவுல ஒரு பெரிய கம்பம் நட்டிருப்பாங்க. அதுமேல ஒருத்தர் ஏறி, பறவை மாதிரி நிப்பார்னு சொல்றாங்க. இப்ப கண்ணை மூடுங்க. அந்தக் கூட்டத்தை மனசுல பாருங்க.”

நாலு பேரும் கண்ணை மூடினாங்க.

திறக்கச் சொல்ல மரிசெலா மறந்துட்டா. எல்லாருக்கும் சொல்றதுதானே, எல்லாரும் தானாவே திறந்துடுவாங்க. அவ மேட்டைப் பார்த்துக்கிட்டே பேசினா, பேசிக்கிட்டே நடந்தா. பின்னாடி நாலு பேரும் கண்ணை மூடிக்கிட்டு, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, பட்டைத் தடவித் தடவி விரிச்சு, அவ குரலுக்குப் பின்னாடியே போனாங்க.

“இந்த வளைவைப் பாருங்க, எவ்வளவு அழகு”ன்னா மரிசெலா.

“ரொம்ப அழகும்மா”ன்னா சிட்டாள், கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு.

அந்தக் காலத்து சனங்க பந்து விளையாடின களத்துப் பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கள்ளிச்செடி. அடைக்கலம் நேரா அதுமேல போய் விழுந்தார்.

“அண்ணே, எதையோ தொட்டுட்டீங்க!”

“நான் தொடலைடா. அதுதான் என்னைத் தொடுது. இன்னும் விடலை.”

கடைசி மேட்டையும் சுத்தி முடிச்சு, வெளிவாசல்கிட்ட வந்து மரிசெலா திரும்பிப் பார்த்தா.

“ஏன் எல்லாரும் கண்ணை மூடியிருக்கீங்க?”

“நீதானேம்மா மூடச் சொன்ன.”

“எப்ப?”

“ஆரம்பத்துல.”

மரிசெலா நெத்தியில கையை வச்சுக்கிட்டா. “திறங்க.”

திறந்தாங்க. எதிர்ல வேன் நின்னுக்கிட்டு இருந்துச்சு. “மேடு எங்கம்மா?”ன்னு கேட்டார் வெள்ளையப்பன். “முடிஞ்சுது”ன்னு சொன்னா மரிசெலா. அவ குரல் அழுகிற மாதிரி இருந்துச்சு. வேன்கிட்டயே காத்துக்கிட்டு இருந்த பூபாலன் அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டான்.

வெளிய கால் வைக்கிறதுக்குள்ள வாசல் பலகையை அவ படிச்சுச் சொல்லித்தான் ஆகணும், எல்லா விதியையும் சொல்லணும்னு சொல்லியிருக்கானே. “உள்ள இருக்கற எதையும் வெளிய கொண்டு போகக் கூடாது.”

நாலு பேரும் வேட்டியை உதறினாங்க. பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டினாங்க. அடைக்கலம் மேல இருந்த கள்ளி முள்ளை எல்லாம் ஒவ்வொண்ணா பிடுங்கி உள்ளயே வச்சாங்க. எல்லாம் முடிஞ்சு கிளம்பறப்ப வெள்ளையப்பன் நகராம நின்னார்.

“அண்ணே, கண்ணை மூடறதுக்கு முன்னாடி, உள்ள ஒழுகிக்கிட்டு இருந்த குழாய்ல தண்ணி குடிச்சேன்.”

“எவ்வளவு?”

“வயிறு முட்ட.”

“படுபாவி. அதோடவா வெளிய வரப் பார்த்த?”

“இறக்கி வச்சிடறேனே. அந்தப் பக்கம் ஓரமா...”

“அறைஞ்சுடுவேன்!”னார் வைரவன். “பெரியவங்க கும்பிட்ட இடம் மாப்ளே. அங்க போய் ஓரமாவாம்.” அவர் மூக்கு நுனியைத் தடவினார். “வேர்வையா விட்டுடு. ஓடு. மேட்டைச் சுத்தி ஓடு. தண்ணி வந்த இடத்துலயே சேர்ந்துடும்.”

வெள்ளையப்பன் ஓடினார். வெயில்னா அப்படி ஒரு வெயில். கீழ பட்டு விரிக்கணுமே, அதனால அடைக்கலமும் வைரவனும் குனிஞ்சு குனிஞ்சு விரிச்சுக்கிட்டே முன்னாடி ஓடினாங்க. சிட்டாள் பின்னாடி துணியைச் சுருட்டி எடுத்து எடுத்துக் குடுத்துக்கிட்டு ஓடினா. வேர்த்து ஊத்தி, சட்டையைப் பிழிஞ்சு, “போதுமா மச்சான்?”னு வெள்ளையப்பன் கீழ விழற வரைக்கும் ஓடினாங்க.

டான் குக்கோ எழுந்து நின்னுட்டார். மேட்டைச் சுத்தி நாலு பேர், பட்டு மேல, மூச்சு வாங்க. அவர் தாத்தா காலத்துலயும் யாரும் அங்க அப்படிச் சுத்தினது இல்லை.

மெதுவா நடந்து வந்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “என்ன பார்த்தீங்க?”

பூபாலன் வேனுக்குப் பின்னாடியே உக்கார்ந்துட்டான். மரிசெலா காட்டினப்ப கண்ணை மூடியிருந்தாங்க, ஓடறப்ப துணியைத்தான் பார்த்தாங்க, ஒண்ணுமே பார்க்கலையே. மரிசெலா கேள்வியைத் தமிழ்ல சொன்னா.

அடைக்கலம் நெஞ்சுல கையை வச்சார். நெட்டூரணிக்காரங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “நல்ல கூட்டமுங்க. கைகோத்துச் சுத்திச் சுத்தி ஆடினாங்க. புழுதி பறந்துச்சு. கம்பத்து மேல ஒருத்தர் நின்னாரு, எனக்குப் பயமா இருந்துச்சு.”

“ஒரு பொம்பளை கைப்பிள்ளையோட ஆடினா”ன்னா சிட்டாள். “பிள்ளை தூங்கிடுச்சு. அவ நிறுத்தலை.”

“மூலையில பஞ்சுமிட்டாய் வித்தாங்க”ன்னார் வெள்ளையப்பன் தரையில படுத்துக்கிட்டே.

மரிசெலா ஒண்ணொண்ணா ஸ்பானிஷ்ல சொன்னா. டான் குக்கோ தொப்பியைக் கழட்டினார். கண்ணு கலங்கியிருந்துச்சு.

“வர்றவங்க எல்லாம் வெறும் கல்லும் மண்ணும்தான் பார்த்துட்டுப் போனாங்க”ன்னார். “இவங்கதான் பார்த்திருக்காங்க.” கொஞ்சம் யோசிச்சுட்டு, “பஞ்சுமிட்டாய் என்ன நிறம்?”னு கேட்டார்.

“ரோஸ்.”

டான் குக்கோ தலையை ஆட்டினார். “இருக்கும்.”

அப்படித்தான் கல்யாணம் முடிவாச்சு. அடுத்த வாரம் சான் லிபோரியோ திருவிழா, அன்னிக்கே கல்யாணம். ஒரே ஒரு சிக்கல், தாலி இல்லை. நெட்டூரணி ஆசாரி கையால செஞ்ச தாலிதான் அந்தக் குடும்பத்துல கட்டுவாங்க. ஆசாரிகிட்ட போன்ல சொல்லியாச்சு, போய் எடுத்துட்டு வரணும். நாலு பேருக்கும் போக, போய்ச் சேர்ந்த மறுநாளே திரும்பி வர, ரெண்டுக்கும் பூபாலன் டிக்கெட் போட்டுட்டான்.

“போன வேகத்துல வந்துடணும்”னார் டான் குக்கோ. “திருவிழா நாள் தாண்டினா நான் குடுத்த வாக்கும் தாண்டிடும். சொன்னபடி செய்யறவங்கன்னுதான் உங்களை நம்பறேன்.”

கிளம்பற நேரம் வந்துச்சு. நம்ம பக்கம் யாரும் ‘போறேன்’னு சொல்ல மாட்டோம் இல்லையா. நாலு பேரும் கைகூப்பி, “போயிட்டு வர்றோம்”னாங்க. மரிசெலா அப்படியே மொழிபெயர்த்தா.

“சரி”ன்னார் டான் குக்கோ. வாசலை அடைச்சிருந்த மரப்பெட்டியை நகத்திட்டு அங்க நாற்காலியைப் போட்டு உக்கார்ந்தார். “நீங்க வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். உங்க வீட்டையும் பார்த்துக்கறேன்.”

தெருமுனை வரைக்கும் போனதும் வைரவன் நின்னார். “தப்பு பண்ணிட்டோம். மனுஷன் வாசல்லயே உக்கார்ந்திருக்கார். போயாச்சு. இனி வரணும்.”

திரும்பி வந்தாங்க. டான் குக்கோவுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடிச்சார், காபி குடுத்தார். குடிச்சிட்டு மறுபடியும் எழுந்தாங்க. எழுந்தா சொல்லணுமே. “போயிட்டு வர்றோம்.”

தெருமுனை. திரும்பி வந்தாங்க. கட்டிப்பிடிச்சார், காபி.

“போயிட்டு வர்றோம்.”

தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்தே பொழுது ஏறிக்கிட்டு போச்சு. வேன்காரன் ஹார்னை அடிச்சு அடிச்சு கை ஓய்ஞ்சான். பூபாலன் தலையில அடிச்சுக்கிட்டான். வெள்ளையப்பனுக்கு மறுபடியும் வயிறு முட்டிடுச்சு, இந்தத் தடவை காபி.

“போறோம்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டா என்னங்க?”ன்னு கேட்டா சிட்டாள்.

“வாயைக் கழுவு! கல்யாண வீட்டுல பேசற பேச்சா இது?”ன்னு அதட்டினார் அடைக்கலம்.

வைரவன் கண்ணை இடுக்கினார். மூக்கு நுனி சிவந்து போற அளவுக்குத் தடவினார். “கிடைச்சிடுச்சு. வர்றவன் முகம் எந்தப் பக்கம் இருக்கும்? வீட்டைப் பார்த்து இருக்கும். போறவன் முதுகைக் காட்டுவான். நாம முதுகைக் காட்டாம போவோம். வீட்டைப் பார்த்தபடியே பின்னாடி நடப்போம். பார்க்கறவங்களுக்கு நாம வந்துக்கிட்டே இருப்போம். வாக்கும் தப்பாது, வண்டியும் தப்பாது.”

இப்படி ஒரு மனுஷன் தங்களோட இருக்காரேன்னு மத்த மூணு பேருக்கும் பெருமையா இருந்துச்சு.

நாலு பேரும் டான் குக்கோவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே பின்னாடி நடந்தாங்க. டான் குக்கோ கையாட்டினார். “வந்துக்கிட்டேதான் இருக்காங்க”ன்னார் பொண்ணுகிட்ட. “ஆனா என்னவோ சின்னதா ஆகிக்கிட்டே வர்றாங்க.”

வேன்ல பின்பக்கம் பார்த்து உக்கார்ந்தாங்க. விமானத்துல சீட் எல்லாம் முன்பக்கம் பார்த்து இருந்துச்சு. சீட்டு மேல முட்டி போட்டு, பின்சீட்டுக்காரன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே கடல் தாண்டினாங்க. பின்சீட்டுக்காரன் அதுக்கப்புறம் எங்கயும் பயணம் போகலைன்னு கேள்வி.

மதுரையிலேர்ந்து வந்த பஸ் நெட்டூரணியில நின்னுச்சு. நாலு பேரும் பின்பக்கமா இறங்கினாங்க. மெக்சிகோ இருக்கற திசையைப் பார்த்தபடியே, ஊரைப் பார்த்துப் பின்னாடி நடந்தாங்க.

டீக்கடையில இருந்தவங்க என்ன பார்த்தாங்க? நாலு முதுகு.

“அடைக்கலம் வீட்டு ஆளுங்க கிளம்பிட்டாங்க டோய், மெக்சிகோவுக்கு!”

“போன தடவை நாம ஒழுங்கா வழியனுப்பலை. இந்தத் தடவை விடக் கூடாது.”

மேளம் வந்துச்சு. மாலை வந்துச்சு, முதுகுப் பக்கமா போட்டாங்க. பஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சாங்க. ஆசாரி ஓடி வந்து, “நல்லவேளை, கிளம்பறதுக்குள்ள முடிச்சிட்டேன்”னு தாலிப் பையை சிட்டாள் முதுகுல தொங்கவிட்டார்.

“நாம இப்பத்தான் வந்திருக்கோம்னு சொல்லிடலாமாண்ணே?”ன்னார் வெள்ளையப்பன்.

“ஊரே கூடி அனுப்பி வைக்குது”ன்னார் அடைக்கலம். “இப்பப் போய் வந்துட்டோம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?”

“போயிட்டு வர்றோம்”னாங்க நாலு பேரும். வாயிலேர்ந்து வந்துடுச்சு. இப்ப ஊருக்கும் வாக்குக் குடுத்தாச்சு. அதனால நெட்டூரணியைப் பார்த்துத் திரும்பி நின்னு, ஊர் சனங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, பின்பக்கமா பஸ் ஏறினாங்க.

சான் லிபோரியோவுல திருவிழா. தெரு முழுக்கக் கலர் காகிதத் தோரணம். எக்காளம், கிடார், பெரிய பிடில் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு மரியாச்சி பாட்டுக்காரங்க தயாரா நின்னாங்க. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். மரிசெலா வெள்ளை கவுன்ல, பூபாலன் பட்டு வேட்டியில, அந்த மிதிச்ச வேட்டிதான், வாசல்ல நின்னாங்க. டான் குக்கோ நாற்காலியை விட்டு அசையலை. தெருமுனையையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

தெருமுனையில வேன் வந்து நின்னுச்சு. நாலு முதுகு தெரிஞ்சுது.

“ஐயோ, கிளம்பறாங்க!” டான் குக்கோ துள்ளி எழுந்தார். “எப்ப வந்தாங்க? நான் பார்க்கவே இல்லையே! மாப்பிள்ளை, அவங்க போறதுக்குள்ள முடி! சீக்கிரம்!”

பூபாலன் ஓடினான். “அம்மா! திரும்பும்மா! நான்தான்!”

“நம்ம பூபாலன் குரல் மாதிரியே இல்லைங்க?”ன்னா சிட்டாள்.

“திரும்பிடாதே”ன்னார் அடைக்கலம். “ஊருக்குக் குடுத்த வாக்கு.”

பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு பூபாலனுக்குத் தெரியும். அம்மா முதுகுல தொங்கின பையிலேர்ந்து தாலியை எடுத்தான். அந்த இடத்துலயே, தெரு நடுவுல, நாலு முதுகுக்குப் பின்னாடி, மரிசெலா கழுத்துல கட்டினான். எக்காளம் முழங்குச்சு. ஊரே அரிசியும் பூவும் தூவுச்சு. பாதி பொண்ணு மாப்பிள்ளை மேல விழுந்துச்சு, மீதி நாலு முதுகு மேல.

“பின்னாடி யாரு வீட்டுலயோ கல்யாணம் போலருக்கு”ன்னார் வெள்ளையப்பன்.

“இருக்கும் மாப்ளே. முகூர்த்த நாள்தானே”ன்னார் வைரவன்.

சிட்டாள் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. “பெத்தவங்க குடுத்து வச்சவங்க. நாமளும் நம்ம பையன் கல்யாணத்தை இப்படிக் கண்குளிரப் பார்க்கணும்ங்க.”